பின்சீட்டுகள்

சனிக்கிழமை ராத்திரி
ஐந்து கார்களின் பின்சீட்டையும் கழற்றி
ஷெட்டுச் சுவரோரம் வரிசையாய்ப் போட்டேன்.
பஸ் வராத ஊரின் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது.
எடை குறைய வேண்டுமாம்.
பெஞ்சமின் டாக்டர் ஸ்டெப்னியையும் இறக்கச் சொன்னார்;
தன் தொப்பையைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

கோத்தகிரியில் அப்போது மெக்கானிக் நான் ஒருவன்.
அரவேணுவில் கிளம்பி மேலே மார்க்கெட் முக்கு வரை
யார் யாரை முந்தினாலும்
முந்துவதும் என் கை, பிந்துவதும் என் கை.

ரேஸ் கார் என்று யாரிடமும் கிடையாது.
டாக்டரின் மோரிஸ் பிரசவத்துக்குப் போகிற வண்டி.
லிங்கா கவுடரின் ஹெரால்டில்
வெள்ளிக்கிழமைவரை முட்டைக்கோஸ் ஏறியது.
எஸ்டேட் மானேஜர் பொன்னப்பாவுக்கும் ஹெரால்டுதான்,
ஆனால் அவரிடம் கையுறை இருந்தது.

சமவெளிக்குச் செய்த ஜெட்
இந்த உயரத்தில் அஜீரணப்பட்டுக் கரும்புகை கக்கும்.
துளையை ஈயத்தால் அடைத்து
மறுபடி ஊசியால் திறந்தேன்,
பழைய அளவுக்கு ஒரு தலைமுடி கம்மியாய்.
பாயிண்ட் இடைவெளிக்குச் சிகரெட் அட்டை.

ஹெட் கேஸ்கட் மட்டும்தான் சிக்கல்.
இரண்டு ஹெரால்டுக்கும் வேண்டும்,
கோயமுத்தூரிலிருந்து வந்தது ஒன்று.
பொன்னப்பா முன்பணம் கொடுத்தவர்.
கவுடர் ஆறு மாசமாய் என் நோட்டில் குடியிருப்பவர்.
இன்னொன்றைச் செப்புத் தகட்டில் நானே வெட்டினேன்,
அரிக்கேன் வெளிச்சத்தில், விடிய விடிய.
எதை எந்தத் தலையில் பூட்டினேன் என்று
என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

ஞாயிறு பத்து மணிக்குப் பனி இறங்கியது.
மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி.
நான்காம் வளைவில் ஊரே நின்றது.
பத்தடிக்கு அப்பால் சாலையே இல்லை.

"பிச்சை, இது யாருதுப்பா?"
டாக்டர். செகண்டை விட்டு இறங்க மனசில்லை.
"இது?"
சினிமாக் கொட்டகை ஜெயசீலன். டப்பெட் தட்டுது, போகட்டும்.
என் காதால் அவர்கள் ரேஸ் பார்த்தார்கள்.
வண்டி கடக்கும்போது
இரண்டு மஞ்சள் வட்டம், முகத்தில் ஒரு ஈரக்காற்று,
அவ்வளவுதான் காட்சி.

நான்காவது கவுடர்.
கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.
மூட்டையை இறக்கிவைத்த ஆள்
வெறும் தோளோடு மேடு ஏறுகிற மாதிரி
போய்க்கொண்டிருந்தது அந்தச் சத்தம்.

கடைசியில் பொன்னப்பா.
கீழே மூன்றாம் வளைவில் ஒரு இருமல்.
இன்னொன்று.
பிறகு பனி முழுக்க அமைதி.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு
ரேஸுக்கு எதிர்த்திசையில் இறங்கினேன்.
அந்த இரண்டு பர்லாங்கில்
அந்தத் தகட்டை மனசுக்குள்
திரும்பத் திரும்ப வெட்டினேன்.

பானட்டைத் திறந்தால்
கேஸ்கட் சிவனே என்று இருக்கிறது.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனித்தண்ணீர்.
சட்டை நுனியால் துடைத்தேன், கிளம்பிவிட்டது.
"அஞ்சு நிமிஷம் போச்சே" என்றார்.
"போச்சு சார்."
கையுறையைக் கழற்றிவிட்டு
பக்கத்தில் ஏறச் சொன்னார்.
மீதி ரேஸை நாங்கள்
உருளைக்கிழங்கு விலை பேசிக்கொண்டே முடித்தோம்.

திங்கட்கிழமை கவுடர்
கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.
தோளில் தூக்கி ஆடியதில் ஒரு கைப்பிடி கழன்றுவிட்டது.
ரேடியேட்டருக்கு வைக்கிற அதே ஈயம்தான்.
ஆறும்வரை என் பெஞ்சில், பிளக்குகளுக்கு நடுவில்,
நின்றது அது.
நோட்டில் எழுதினேன்:
கோப்பை, ஒரு கைப்பிடி, எட்டணா. பாக்கி.

அப்புறம் சீட்டுகளைப் பூட்டினேன்.
ஹெரால்டு சீட்டு இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.
மாறிப்போயிருக்கலாம்.
அந்த மாசம் முழுக்கப் பொன்னப்பா
கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினார்.
எங்கே போனாலும் வண்டிக்குள்
முட்டைக்கோஸ் வாசம் என்றார்.
நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.
ஒன்றும் தெரியலையே சார் என்றேன்.